நூல் வாங்குமுன் நோக்குக!

நம் விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைத் தொழிலாளி ஒருவர், ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் இயங்குதளச் சான்றிதழ்த் தேர்வுக்காகத் தம் மகனுக்கு வாங்கிய வழிகாட்டி நூலை நம்மிடம் காட்டினார். அது 2014-இல் வெளிவந்த ஏழாம் பதிப்புக்குரியது. அதன்பின் 2019, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் வந்துவிட்டன. அவருடைய உழைப்பின் பணம் வீணாயிற்றே என வருந்தினோம்.

பெற்றோரே, தேர்வு எப்பதிப்பில் நடைபெறுகிறது என முதலில் அறிந்துகொள்ளுங்கள். அந்நிறுவனம் இணையதளத்தில் இலவசமாக வெளியிடும் பாடத்திட்டத்தோடு நூலின் பொருளடக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சிகள் மிகுந்த நூலையே தேர்ந்தெடுங்கள். ஏனெனில், இத்தேர்வில் கணினியிலேயே வேலையைச் செய்து காட்டவேண்டும். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் செய்த வேலை நிலைத்திருக்கவேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு ராக்கி லினக்ஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

ஏட்டைப் படித்தே நூல் நூற்கக் கற்றவர் நம் ஆலையில் எவருமிலர் அன்றோ?