ஒரே மாதிரி காட்டினா, அது சரின்னு அர்த்தமா?

என் கைநஷ்டத்தில் கற்ற பாடம் இது.

தை அறுப்பில் விதைக்கென்று இரண்டு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா ஒதுக்கினேன். விதைநெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீட்டரில் மூணு தடவை அளந்தேன். 12.4, 12.5, 12.4. 'இதைவிடத் துல்லியமா என்ன வேணும்'னு மூட்டையைக் கட்டி அடுக்கிட்டேன். ஆடியில் பிரித்தால் பூஞ்சண வாடை. நூறு விதையை ஈரச்சாக்கில் முடிந்து பார்த்ததில் 38தான் முளைத்தது.

அப்புறம்தான் மீட்டரை உற்றுப் பார்த்தேன். நெல்லுக்கு வைக்க வேண்டியதை வேறொரு தானியத்துக்கு வைத்து அளந்திருக்கிறேன்!

ஆங்கிலத்தில் அக்யூரசி, பிரசிஷன் என்று இரண்டு சொல் உண்டு. தமிழில் இரண்டையுமே 'துல்லியம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு. உண்மையான அளவுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது அக்யூரசி. திரும்பத் திரும்ப அளந்தால் எவ்வளவு ஒத்துவருகிறது என்பது பிரசிஷன்.

மாங்காய்க்குக் கல் எறிகிற பையனை நினைத்துப் பாருங்க. அஞ்சு கல்லும் இடப்பக்கக் கிளையில் ஒரே இடத்தில் படுகிறது, மாங்காய் விழலை. அவனிடம் பிரசிஷன் இருக்கு, அக்யூரசி இல்லை. என் மீட்டரும் அப்படித்தான். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் காட்டினாலும் தப்பு தப்புதான்.

இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வதில் என்ன லாபம்? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அளவுகள் முன்னே பின்னே சிதறினால், பல தடவை அளந்து சராசரி எடுத்தால் போதும். மண் பரிசோதனைக்கு வயலில் பத்து இடத்தில் மண் எடுத்துக் கலப்பதும் இதற்காகத்தான். ஆனால் கருவியே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால், நூறு தடவை அளந்தாலும் அதே தப்புதான் வரும். சரியென்று உறுதியாகத் தெரிந்த இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான் அது வெளியே வரும்.

தராசா? முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பாருங்க. ஈரப்பதமா? முதலில் மீட்டர் எந்தத் தானியத்தில் நிற்கிறது என்று பாருங்க. பிறகு, நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நெல், இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பு போட்டு, மூடிக் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்க. உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 13க்குள் வந்துவிட்டதென்று நினைத்துவிடாதீங்க. 15ஐத் தாண்டவில்லை, அவ்வளவுதான். விதைக்கு இன்னும் காயணும். அதே நெல்லில் ஒரு கைப்பிடியை, நம்பிக்கையான இன்னொரு மீட்டரிலோ விதைப் பரிசோதனை நிலையத்திலோ அளந்து ஒப்பிட்டுக்கங்க.

பக்கத்து ஊர் அண்ணன் ஒருத்தர் பத்து கிலோ விதை கொடுத்ததால் இந்த வருஷம் தப்பித்தேன். உங்க வீட்டு மீட்டரை எதோடு ஒப்பிட்டுக் கடைசியாகச் சரிபார்த்தீங்க?