பேய்ப்பசி: டயட்டில் இருக்கும்போது ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது?

டயட் ஆரம்பித்த முதல் வாரம் எல்லோருமே ராஜாதான். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதமும் காயும், ராத்திரி வெள்ளரிக்காய். எடை மெஷின் ஒன்றரை கிலோ குறைந்ததாகக் காட்டும். மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறந்தால் கை நிற்காது. மிக்சர் முடிந்து பிஸ்கட், பிஸ்கட் முடிந்து ஃப்ரிட்ஜில் இருக்கும் அல்வா. வயிறு நிறைந்தது தெரியும். ருசிகூடத் தெரியாது. ஆனாலும் நிறுத்த முடியாது.

இதைத்தான் பிஞ்ச் ஈட்டிங் என்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ஒரு கை கூடச் சாப்பிடுவது பிஞ்ச் இல்லை. கொஞ்ச நேரத்துக்குள் மிக அதிகமாகச் சாப்பிடுவது, சாப்பிடும்போது கட்டுப்பாடு நம் கையில் இல்லை என்ற உணர்வு, இரண்டும் சேர்ந்தால்தான் பிஞ்ச்.

"வாயைக் கட்டத் தெரியலை" என்று வீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாமும் அதையே நம்பி, அடுத்த நாள் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடப்போம். இந்த விஷயத்தில் நடந்த ஆய்வுகளைப் படித்தால் பிரச்சினை வாயில் இல்லை, டயட்டின் டிசைனில் இருக்கிறது என்று தெரியும்.

ஸ்டேடியத்துக்கு அடியில் ஒரு சோதனை

1944 நவம்பர். இரண்டாம் உலகப்போர் முடியும் கட்டம். ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை தொடங்கினார். கொள்கை காரணமாகப் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். அவர்கள் தங்கியது பல்கலைக்கழகக் கால்பந்து ஸ்டேடியத்தின் அடியில்.

முதல் 12 வாரம் சாதாரணச் சாப்பாடு, நாளைக்குச் சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் அதில் பாதி, சுமார் 1,570 கலோரி. கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் கால்வாசி போனது. அது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு என்ன ஆனது என்பதுதான் நமக்கு முக்கியம்.

நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் மாதிரி படித்தார்கள், ரெசிபி சேகரித்தார்கள். கிடைத்த உணவில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கினார்கள், தட்டை நக்கினார்கள். சிலர் விதியை மீறி வெளியே போய் அள்ளித் தின்றுவிட்டு, பிறகு தங்களையே வெறுத்தார்கள். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பிடலாம் என்றதும் ஒரே நாளில் 5,000 கலோரிக்கு மேல் தின்றவர்கள் உண்டு. வயிறு முட்டிய பிறகும் பசிக்கிறது என்றார்கள்.

இவர்கள் கொள்கைக்காகத் தாமாகவே பட்டினி கிடக்க வந்தவர்கள். மன உறுதிக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கே இந்தக் கதி. நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அவர்கள் ஒல்லியான, நிறைய நடந்த இளைஞர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் 90 கிலோ ஆளுக்கு 1,570 என்பது அதே அளவு பட்டினி ஆகாது. ஆனால் திசை அதேதான்.

உடம்பு கணக்கு வைத்திருக்கிறது

கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்வது அது. கிரெலின் முக்கியமாக இரைப்பையில் சுரந்து "சாப்பிடு" என்று சொல்கிறது. எடை குறைந்தால் முதலாவது இறங்கும், இரண்டாவது ஏறும். 2011-ல் வெளிவந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், 10 வாரக் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் இந்த மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 2016-ல் இதற்கு எண் கொடுத்தது. ஒரு கிலோ எடை குறைந்தால், பசி நாளைக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. உடல் செலவழிப்பது 20 முதல் 30 கலோரி குறைகிறது. 5 கிலோ குறைத்தவருக்குப் பசி 500 கலோரி அதிகம். மூன்றாவது வாரம் முதல் வாரம் மாதிரி இல்லாததற்குக் காரணம் இதுதான்.

தூக்கமும் இதில் சேரும். 2004-ல் 12 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கியபோது, 10 மணி நேரம் படுக்கையில் இருந்ததோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம். நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு டயட் இருப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

மில்க்ஷேக் சோதனை

ஹார்மோன் பாதிக் கதைதான். மீதி நாம் போடும் ரூல்களில் இருக்கிறது. 1975-ல் ஹெர்மன், மாக் என்ற உளவியலாளர்கள் கல்லூரிப் பெண்களில் சிலருக்கு ஒரு மில்க்ஷேக், சிலருக்கு இரண்டு கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு "ருசி பார்த்துச் சொல்லுங்க" என்று ஐஸ்கிரீமை வைத்தார்கள். டயட் பற்றிக் கவலைப்படாதவர்கள், மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிட்டார்கள். நியாயம்தானே. எப்போதும் டயட் நினைப்பில் இருந்தவர்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள்!

"எப்படியும் இன்னிக்கு டயட் போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற மனநிலை இது. சாண் போனாலென்ன, முழம் போனாலென்ன கதை. டயட்டை ஒன்று, பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிஸ்கட்டே பூஜ்யம் ஆக்கிவிடும். பூஜ்யம் ஆன பிறகு பத்து பிஸ்கட்டும் அதே பூஜ்யம்தான்.

அப்படியானால் கலோரி குறைப்பதே தப்பா? இல்லை. மேற்பார்வையோடு மிதமாக எடை குறைக்கும் திட்டங்களில் பலருக்கு பிஞ்ச் குறைந்திருக்கிறது. ஜெர்மன் ஆய்வாளர் வெஸ்டன்ஹோஃபர் 1991-ல் காட்டிய வித்தியாசம் இங்கே உதவும். "இனிப்பு வாழ்க்கையில் கிடையாது" என்பது விறைப்பான கட்டுப்பாடு. "இன்று கூடினால் நாளை, மறுநாள் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பது நெகிழ்வான கட்டுப்பாடு. கட்டுமீறிச் சாப்பிடுவது முதல் வகையோடுதான் அதிகம் சேர்ந்து வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேருக்கும் நாளைக்கு 2,200 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் ஆறு நாள் 1,200-ல் இருக்கிறார். சேமிப்பு 6,000. ஏழாம் நாள் கட்டு அறுந்து 5,400 தின்கிறார். கூடுதல் 3,200. வாரச் சேமிப்பு 2,800. இரண்டாம் ஆள் தினமும் 1,800. ஏழு நாளைக்கு அதே 2,800. முதல் ஆள் ஆறு நாள் பட்ட பாடும், ஏழாம் நாள் பட்ட அவமானமும் சுத்தமாக வீண்.

வருவதற்கு முன்னால்

1. பற்றாக்குறையைக் குறையுங்கள். வாரம் ஒருமுறை பிஞ்ச் வருகிறதென்றால், டார்கெட்டை 300, 400 கலோரி ஏற்றிப் பாருங்கள்.

2. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய பிஞ்ச் சிகிச்சையில் இது அஸ்திவாரம்: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, இடைவெளி 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. நம்மில் பலர் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு ராத்திரி ஒன்பது வரை டீயில் ஓட்டுகிறோம். பத்தரை மணிப் பேயை அங்கேயே வளர்த்தாச்சு. ஐந்து மணிக்குச் சுண்டல் சாப்பிடுங்க. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரி, 9 கிராம் புரதம். அதே 100 கிராம் மிக்சர் 500 கலோரியைத் தாண்டும்.

3. எதையும் முழுசாகத் தடை செய்யாதீர்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு மைசூர்பாகு என்று கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். கிலோ டப்பா மட்டும் வீட்டில் வேண்டாம்.

வந்துவிட்டால்

முதலில் ஒரு கேள்வி: "இப்போ ரெண்டு இட்லியும் சாம்பாரும் கொடுத்தா சாப்பிடுவேனா?" ஆமாம் என்றால் அது நிஜப் பசி. தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

"இட்லி வேண்டாம், மிக்சர்தான் வேணும்" என்றால் அது உந்துதல். போதைப் பழக்கச் சிகிச்சையில் ஆலன் மார்லட் சொன்ன வழி இங்கே உதவும். உந்துதல் அலை மாதிரி, ஏறும், உச்சம் தொடும், இறங்கும். எதிர்த்து முட்டவும் வேண்டாம், அடிபணியவும் வேண்டாம். போனில் இருபது நிமிஷம் டைமர் போட்டு, சமையலறையை விட்டு வெளியே வாருங்கள். மாடியில் நடங்க, யாருக்காவது போன் பண்ணுங்க, குளிங்க. அலை இறங்கும்.

நடந்துவிட்டால்

மறுநாள் எடை மெஷின் ஒன்றரை கிலோ ஏறியதாகக் காட்டும். பயப்படாதீங்க. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ராத்திரி 2,000 கலோரி கூடுதலாகத் தின்றிருந்தாலும் கணக்குப்படி கால் கிலோதான். மீதி உப்பு பிடித்துவைத்த தண்ணீர், கிளைகோஜனோடு சேரும் தண்ணீர் (ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம்), வயிற்றில் இன்னும் இருக்கும் சாப்பாடு. சில நாளில் இறங்கிவிடும்.

மிக முக்கியமானது: மறுநாள் பட்டினி வேண்டாம். காலை டிபன் வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில். பட்டினி போட்டால் அடுத்த பிஞ்சுக்கு நாமே தேதி குறிக்கிறோம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வேளை தவறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து பிஞ்ச் வந்து, மனசையும் வாட்டினால் அது நோயாக இருக்கலாம். 2013-ல் வெளிவந்த டிஎஸ்எம்-5 மனநலக் கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. தின்றதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது என்ற கட்டத்துக்குப் போயிருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் டயட்டை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கணும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் தினமும் ராத்திரி பத்தரைக்கு விழுந்தால் அதைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டோம். பகல் முழுக்க அதன்மேல் என்ன லோடு ஏற்றினோம் என்று லாக் பார்ப்போம். ஒரு வாரம் சாப்பிட்ட நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள், கலோரிகூட வேண்டாம். பிஞ்ச் வந்த நாளில் மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவே எத்தனை மணி நேரம் காலியாகக் கிடந்தது என்று பாருங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.