பெரிய பிளைண்டின் விலை

கையில் 9, 6. இரண்டும் இஸ்பேட். போக்கர் மேசையில் பெரிய பிளைண்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்தக் கை வந்தால் ஆடுவதா, கவிழ்ப்பதா?

சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயம்தான் பிளைண்ட். 1970-ல் லாஸ் வேகஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் போக்கர் உலகத் தொடர் தொடங்கிய காலம் முதல், 2003-ல் இணைய ஆட்டத்தின் வழியே வந்த கிறிஸ் மனிமேக்கர் அதை வென்று இணையத்தில் கூட்டம் குவிந்த பிறகும் சில ஆண்டுகள் வரை, இந்தக் கைக்குப் பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றே: கவிழ்த்துவிடு. போட்ட பணம் போட்டதுதான், அது இனி உன்னுடையது இல்லை. ஃப்ளாப், அதாவது நடுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு, விழுந்ததும் எதிராளிக்கு முன்னால் நீதான் பேச வேண்டும். பிறகு ஏன் வம்பு?

மட்டமான கையும் வென்றதுண்டு: டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டும் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை 10-2 வைத்து வென்றார். அந்தக் கைக்கே அவர் பெயர் நிலைத்தது. ஆனால் அது இருவர் மட்டும் மிஞ்சிய மேசை. நிறைந்த மேசையில் அப்படி ஆடியவரை யாரும் மெச்சவில்லை.

பழைய பாடத்தின் முதல் பாதி இன்றைக்கும் சரி. போட்ட பணம் நம்முடையது இல்லைதான். ஆனால் அது மேசை நடுவில் சேரும் பந்தயத் தொகையில், பாட்டில்தானே கிடக்கிறது? நான் பார்த்தவரை, முன்னவர்கள் குறைத்து மதிப்பிட்டது இதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். சின்ன பிளைண்ட் 500, பெரிய பிளைண்ட் 1000. அன்று பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இடத்தில், இருப்பவர் 3000-க்கு ஏற்றுவார். பாட்டில் 4500, ஆட நாம் போட வேண்டியது 2000. கிட்டத்தட்ட 31 சதவீதம் வென்றால்தான் கட்டுப்படியாகும். இன்று அவர் 2000-க்குத்தான் ஏற்றுகிறார். சின்ன ஏற்றமே அதே வேலையைச் செய்கிறது என்று இணைய ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 2018 வாக்கில் பரவிய முறைப்படி, மேசை முழுவதற்குமான ஆண்டி என்ற கூடுதல் கட்டாயப் பந்தயம் 1000-ஐயும் பெரிய பிளைண்டே போட்டுவிடுகிறார். பாட்டில் அதே 4500. கேட்கும் விலை 1000. இப்போது 18 சதவீதம் போதும். 9-6 இஸ்பேட், ஏஸ்-ராஜாவோடு மோதினால்கூட மூன்றில் ஒரு முறைக்கு மேல் வெல்லும். முதலில் பேச வேண்டிய சங்கடத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும் மிச்சம் நிற்கிறது.

மனம் மாற இன்னொன்றும் உதவியது. ஆடிய கைகளையெல்லாம் சேமிக்கும் மென்பொருள்கள் வந்ததும், கெட்டிக்கார ஆட்டக்காரர்களும் பிளைண்டில் நஷ்டத்தில்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. 100 முறை அமர்ந்து 100 முறையும் கவிழ்த்தால் 100 பிளைண்ட் போகும். 60 மட்டும் போனால் அது வெற்றிதான். 2015-ல் வந்த பயோசால்வர் போன்ற கருவிகள் எந்தக் கை, எந்த ஏற்றத்துக்கு என்று பிரித்தே காட்டின.

சின்ன பிளைண்டுக்கு இந்தச் சலுகை இல்லை. சேர்க்க வேண்டிய பணம் அதிகம், பின்னால் ஒருவர் காத்திருக்கிறார், ஃப்ளாப்பிலும் முதலில் பேச வேண்டியது சின்ன பிளைண்டுதான். அங்கே மறு ஏற்றமோ கவிழ்ப்போதான் இன்றும் பெரும்பாலும் வழக்கம்.

9-6 இஸ்பேட்டுக்கு வருவோம். இன்றைய ஆட்டக்காரர் 1000-ஐத் தள்ளுகிறார். ஏஸ், ராஜா, 4 விழுகின்றன. ஒன்றுகூட இஸ்பேட் இல்லை. பந்தயம் வைக்காமல் ‘செக்’ என்கிறார். எதிராளி பந்தயம் வைக்கிறார். நம்மவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த கைக்குச் சின்ன பிளைண்ட் 500-ஐ எடுத்து வைக்கிறார்.