முதலில் காற்று, பிறகுதான் கன்

மூணாறிலிருந்து மறையூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மேலே மழையும் மூடுபனியும். தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிக் கீழே இறங்கினால் மழைமறைவுப் பகுதி. சந்தனக் காடு, கரும்புத் தோட்டம், காய்ந்த காற்று. இந்த இரண்டுக்கும் நடுவே நாள்தோறும் ஏறி இறங்குபவை ஜீப்புகள். பக்கத்திலுள்ள காந்தளூர் ஏற்றத்தில் கல் தெறித்தும், மழையில் துருப்பிடித்தும் அவை ஒருநாள் டிங்கரிங் பட்டறையில் வந்து நிற்கத்தான் செய்யும். பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்த பிறகு, எல்லார் கண்ணும் பெயிண்டர் கையிலிருக்கும் ஸ்ப்ரே கன் மேல்தான். வேலையில் பாதியைத் தீர்மானிப்பது அந்தக் கன்னுக்குப் போகும் காற்று என்பது பலருக்கும் தெரிவதில்லை.

இந்தக் கருவி பிறந்தது மருத்துவத்தில். அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், 1880-களில் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு பீச்சுகருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே முறையைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். அப்போது கார்களுக்குப் பிரஷ்ஷால் வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. 1923-ல் டூபான்ட் நிறுவனத்தின் ‘டியூகோ’ பெயிண்ட் வந்தது. மணிக்கணக்கில் காய்ந்துவிடும் அதைப் பிரஷ்ஷால் இழுத்தால் கோடு விழும். கார் தொழிற்சாலைகளுக்கு ஸ்ப்ரே கன் தவிர வழியில்லாமல் போனது.

இன்று கடையில் கிடைப்பவை பல வகை. அடியில் கப் தொங்கும் பழைய சைஃபன் கன், பெயிண்டை மேலே உறிஞ்ச அதிகக் காற்று கேட்கும். மேலே கப் வைத்த கிராவிட்டி கன்னில் பெயிண்ட் தானாக இறங்கும். கடைசிச் சொட்டு வரை பயன்படும். பழைய பாணிக் கன்கள் 40, 50 பவுண்டு அழுத்தத்தில் அடிக்கும்போது பெயிண்டில் பாதிக்கு மேல் புகையாகப் பறந்துவிடும். இதைக் குறைக்க வந்தது எச்.வி.எல்.பி. கன்: காற்று அதிகம், மூக்கில் அழுத்தம் 10 பவுண்டுக்குள். அடிக்கும் பெயிண்டில் 65 சதவீதமாவது வண்டியில் ஒட்ட வேண்டும் என்று தெற்குக் கலிபோர்னியாவில் விதி வந்தபின் இவ்வகை வேகமாகப் பரவியது.

மறையூர் போன்ற ஊரில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எச்.வி.எல்.பி. கன் நிமிடத்துக்கு 10 முதல் 15 கன அடி காற்று கேட்கும். சிறு பட்டறையின் 2 குதிரைத்திறன் கம்ப்ரஸர் தருவதோ 7, 8 கன அடி. போதாக்குறைக்கு மறையூர் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் அளவு மேலே. காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. பானெட்டில் பாதி அடிப்பதற்குள் அழுத்தம் இறங்கி, பெயிண்ட் பொடியாகாமல் திவலைகளாக விழும். காய்ந்ததும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. அதனால் முதலில் கம்ப்ரஸர் எவ்வளவு தரும் என்று பார்த்து, அதற்கு ஏற்ற கன்னை வாங்குவதே கெட்டிக்காரத்தனம். கம்ப்ரஸருக்கு அலைய வேண்டியதில்லை. 1960-ல் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ் இருக்கும் கோயம்புத்தூர், உடுமலைப்பேட்டை வழியாகப் போனால் பக்கம்தான்.

அடுத்தது நாசில். நிறத்துக்கும் அதன் மேல் அடிக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். கெட்டியான பிரைமருக்கு 1.6 முதல் 1.8. ஒரே கன்னில் எல்லாம் அடிக்கலாம் என்று பிரைமரைச் சின்ன நாசிலில் ஊற்றினால் அடைப்புதான் மிஞ்சும்.

கைதேர்ந்த பெயிண்டர் வண்டியைத் தொடுமுன் சுவரில் ஒட்டிய காகிதத்தில் ஒரு அடி அடித்துப் பார்ப்பார். நீள முட்டை வடிவம் சீராக விழ வேண்டும். நடுவில் கனத்தால் அழுத்தம் போதவில்லை. இரு முனையும் கனத்து நடு மெலிந்தால் அழுத்தம் அதிகம். பிறகு ஆறிலிருந்து எட்டு அங்குலத் தூரத்தில், மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதையும் நகர்த்தி, முன்போன பட்டையின் பாதியை மூடியபடி அடுத்த பட்டை. கை நின்ற இடத்தில் பெயிண்ட் வடியும்.

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் டாங்கியில் நீராகத் தேங்கும். தினமும் டாங்கியின் அடியிலுள்ள வால்வைத் திறந்து வடித்து, லைனில் வாட்டர் டிராப் வைக்காவிட்டால் கிளியரில் கொப்புளம் எழும். மூணாறு ஈரத்தில் வேகமாகக் காயும் தின்னர் போட்டால் லாக்கர் வெள்ளை பூத்துவிடும். ஆவியாகும் தின்னர் தகட்டைக் குளிரவைக்க, பனி அதன் மேல் படிகிறது. மறையூர் வெயிலில் அதே தின்னர், பெயிண்ட் தகட்டைத் தொடுமுன்னே பாதி ஆவியாகி மணல் தடவியது போலாக்கும். இரண்டு இடத்துக்கும் மெதுவாகக் காயும் தின்னர் உதவும். கரும்புச் சக்கை எரியும் வெல்ல ஆலைக்குப் பக்கத்தில், திறந்த வெளியில் கிளியர் அடிப்பது மட்டும் வேண்டாம்; சாம்பல் வந்து ஒட்டும்.

வேலை முடிந்ததும் கன்னைத் தின்னரில் முழுசாக ஊறப்போடக் கூடாது, உள்ளிருக்கும் வாஷர்கள் கெடும். நாசிலைக் கம்பியால் குத்தவும் கூடாது. கப்பில் கொஞ்சம் தின்னர் ஊற்றி அடித்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

முகத்தில் கட்டும் கைக்குட்டை எதையும் தடுக்காது. இப்போதைய கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளி அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடிதான் இதற்கு முறையான பாதுகாப்பு. ஒவ்வாமை வந்த பெயிண்டர்கள் பலர் தொழிலையே விட வேண்டியிருக்கிறது.