மெத்தனால் நஞ்சு: உயிர் காக்கக் கிடைக்கும் சில மணி நேரம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்வி, விடுதிச் செலவைப் பட்டப்படிப்பு வரை ஏற்பதாக அரசு அறிவித்தது. துயருற்றோருக்கு உதவுவது ஒரு பணி. அடுத்த முறை உயிர்களைக் காப்பது எப்படி என்று ஆராய்வதும் அதே பணியின் தொடர்ச்சிதான்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எத்தனாலைக் கற்பிக்கிறோம். மெத்தனாலும் பார்வைக்கு அதைப் போன்ற நிறமற்ற திரவமே. உடலுக்குள் சென்றதும் கல்லீரல் நொதிகள் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. இந்த அமிலம்தான் பார்வை நரம்பைப் பாதித்து உயிரையும் பறிக்கிறது. கடும் அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை குடித்தவர் நலமாக இருப்பதுபோல் தெரியும். வீட்டிலேயே படுத்துவிடுவார். அந்தத் தாமதமே உயிருக்கு ஆபத்தாகிறது.

முதல் நொதியைத் தடுத்தால் அமிலம் உருவாகாது. ஃபோமிபிசோல் என்ற மருந்து இதைச் செய்கிறது. உலக சுகாதார அமைப்பு 2013-இல் இதை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இதன் விலை அதிகம். உருவாகிவிட்ட அமிலத்தை டயாலிசிஸ் மூலம் வெளியேற்றலாம்.

நோயைக் கண்டறிவதிலும் சிக்கல் உண்டு. இரத்தத்தில் மெத்தனாலை அளக்கப் பெரிய ஆய்வகம் தேவை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையும் இணைந்து, 2013-இல் லிபியாவிலும் 2014-இல் கென்யாவிலும் நேர்ந்த மெத்தனால் பாதிப்புகளின்போது உள்ளூர் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்தன. அந்த அனுபவத்தை ஆய்வாகவும் பதிவு செய்தன. நோயாளியின் படுக்கையருகிலேயே ஒரு துளி இரத்தத்தில் ஃபார்மிக் அமிலத்தின் தடயத்தைக் காட்டும் எளிய சோதனையை ஆஸ்லோ ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.

கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் இதன் பயன் பெரிது. பெரிய மருத்துவமனைக்கு மலையிறங்கி வரவேண்டிய இடத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நஞ்சு தெரிந்துவிட்டால் சில மணி நேரம் மிச்சமாகும். இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தாமாக முன்வந்து விசாரணை மேற்கொண்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அந்தச் சோதனை வந்து சேரும்வரை நம்மிடம் உள்ள கருவி அறிவுதான். எத்தனால் பாடத்தின்போது மூன்று செய்திகளைச் சொல்வோம்: மெத்தனாலைக் கண்ணால் அடையாளம் காண முடியாது, அறிகுறி தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இழப்பைச் சந்தித்த பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். எந்தக் குடும்பத்தையும் சுட்டாமல், பழிக்காமல் இதைச் சொல்வது நம் கடமை.