மூன்று தீபாவளி கண்ட படம், சிறையில் கதாநாயகன்

படம் மூன்று தீபாவளி தாண்டி ஓடுகிறது, கதாநாயகனோ சிறைக் கம்பிகளுக்குப் பின்னால். யார் அவர், தெரியுமா நேயர்களே?

நம்ம திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர்தான்! ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் சிறுவனின் குரலைக் கேட்டு அசந்துபோய், 'ஹரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். பிறகு சினிமா. பாகவதர் கிராப், பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன் என்று ஊரே அவரைப் பார்த்து அலங்கரித்துக்கொண்டது. தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்றுகூடச் சொல்வார்கள்.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. அடுத்த சில வாரங்களில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும், நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை! வெளியே சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பேர்பெற்ற வக்கீல்கள், கடல் தாண்டிய வழக்கு... செலவுக்குக் கேட்கவா வேண்டும்? பாட்டுப் பாடிச் சேர்த்த சொத்து கரைந்தது. 1947-இல் இருவரும் நிரபராதிகள் என்று விடுதலையானார்கள்.

கலைவாணர் மறுபடி சிரிக்க வைத்தார். பாகவதருக்கு மட்டும் பழைய மவுசு திரும்பவில்லை. சொந்தமாக எடுத்த படமும் கைகொடுக்கவில்லை. 1959 நவம்பர் முதல் தேதி காலமானார். அவருக்கு இப்போது திருச்சியிலேயே ஒரு மணிமண்டபம் இருக்கிறது.