சாமி சொல்லலாம், பெயர் சொல்லலாமா?

நாஞ்சில் நாட்டில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடலைமாடன் கோவில் கொடை, நடுச்சாமம். வீசுகோல் வில்லில் விழ, குடம் அதிர, வில்லுப்பாட்டில் மாடன் கதை சூடு பிடித்திருக்கிறது. சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பு குலுங்குகிறது. பகலில் வாழைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த மனிதர் அல்லர் அவர் இப்போது, ஊருக்கே சாமி!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு தாய் வருகிறாள்.

"எம் பிள்ளைக்கு ராத்திரி உறக்கமில்ல, சாமி. தன்னால பேசுகான். என்ன குத்தம்?"

இங்கே சற்று நில்லுங்கள், வாசகர்களே! சாமி உண்டா, இல்லையா என்ற வழக்கு இன்றைக்கு வேண்டாம். அந்த வாயிலிருந்து எந்தச் சொல் வரலாம், எது வரக் கூடாது?

"கலங்காத மக்களே, நான் துணை இருக்கேன்" என்று திருநீறு இட்டால், தாயின் நெஞ்சில் பால் வார்த்தது போலிருக்கும். அதே வாய், "உன் ஓரகத்தி வச்ச செய்வினை" என்று ஆளைக் காட்டிவிட்டால்? விடிவதற்குள் சாமி மலையேறிவிடும். கோமரத்தாடியைக் கேட்டால், "நான் என்ன சொன்னேன்? ஓர்மையில்லையே!" என்பார். ஓரகத்தியோ நாளைக்கும் அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தாக வேண்டும். அவள் எங்கே போய் அப்பீல் செய்வாள்? சாமி தீர்ப்புக்கு மேல் கோர்ட்டு ஏது?

காணிக்கைத் தட்டில் விழும் சில்லறையைப் பற்றிப் பேச்சில்லை. 'பரிகாரத்துக்கு இத்தனை ஆயிரம்' என்று விலை பேசுவது வியாபாரம், அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் பொல்லாதது, "மருந்தை நிறுத்து" என்னும் வாக்கு. இதற்கு நம் ஜில்லாவைத் தாண்டி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் விடுதிகளில் விட்டுச் செல்வார்கள். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை அப்படி ஒரு விடுதியின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? 28 பேர் மாண்டார்கள். கொண்டுவந்து விட்டவர்களும் பெற்ற தாய் தகப்பன்மார்தாமே!

மனநோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. மந்திரத்தால், தாயத்தால் இன்ன இன்ன நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கொடைப் பந்தலில் அழுதுகொண்டு கேட்பவளுக்குச் சொல்லும் வாக்கு எந்தச் சட்டத்தின் கையில் எளிதில் அகப்படும்? சாமியாடியின் மனச்சாட்சியும், பக்கத்தில் நிற்கும் பெரியவர்களும்தான் அதற்குக் காவல்.

நம் கொடைக்குத் திரும்புவோம். திருநீறு வாங்கிய தாயை ஒரு கிழவர் ஓரமாக அழைக்கிறார்.

"நீறு பூசு, மக்களே. விடிஞ்சதும் பயல ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. போக வழியில்லன்னா, 14416-க்குப் போன் போடு, காசில்லாம பேசலாம்."

சாமி ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.